சபை திறந்த வாசல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குக் கோடியில், மெக்ஸிகோ எல்லையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே, அரிஸோனா மாகாணத்துப் பாலைவனத்தின் நடுவே அமைந்த டூஸான் நகரத்தில், ஏழை எளியவர்கள் வசிக்கும் தெற்குப் பேட்டை ஒன்றில், சவுத்ஸைடு பிரஸ்பிட்டேரியன் ஆலயம் என்ற பெயரால் வழங்கும் ஒரு சிறிய கிறிஸ்தவ சபை இருக்கிறது. செல்வத்தாலோ சிற்ப வேலைப்பாட்டாலோ அங்கத்தினர் தொகையாலோ பிரசித்தி பெற்ற சபை அன்று அது. ஆயினும், உயிருக்குப் பயந்து ஓடிவந்த அந்நியர்களுக்குத் தன் கதவைத் திறந்துவிட்டதற்காக ஒரு வல்லரசின் கோபத்துக்கு ஆளாகி, அந்தக் கோபத்தையும் தாங்கி நின்ற காரணத்தால், அந்நாட்டின் சமீப காலச் சரித்திரத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. இந்தச் சரித்திரத்தைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் அச்சபையின் போதகராயிருந்த ஜான் ஃபைஃப் என்பவருடைய துணிச்சலைப் புகழ்ந்துவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறார்கள். அவருடைய துணிச்சலை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால், பிரஸ்பிட்டேரியன் சம்பிரதாயத்தில் ஒரு போதகர் தம் இஷ்டம்போல் ஆலயக் கதவைத் திறந்துவிடவும் முடியாது, அடைத்துவிடவும் முடியாது என்பதை அறியாதவர்களுக்கு இந்தக் கதையில் பாதிதான் விளங்கும்.

ரோமன் கத்தோலிக்க சபையில் அதிகாரம் போப்பாண்டவரிடமிருந்து பிஷப்புமார் வழியாகப் பங்குக் குருவரையில் படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது. பதினாறாம் நூற்றாண்டில், ஜெனீவா நகரத்தில் ஜான் கால்வின் வகுத்து, 1541-ல் அந்நகர மன்றத்தார் அங்கீகரித்த சபை ஏற்பாட்டிலோ, போதகர், உபாத்தியாயர், மூப்பர், உதவிக்காரர் என்று நான்கு உத்தியோகங்கள் சொல்லப்பட்டனவேயன்றி, பிஷப் என்ற பதவிக்கு இடமே வைக்கப்படவில்லை. அந்த ஏற்பாட்டின் சாரத்தை ஜான் நாக்ஸ் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார். 1560-ல் அந்நாடு சீர்திருத்த மதத்தை ஏற்றது. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்தும் அட்லாண்டிக்கைக் கடந்து குடியேறியவர்கள், 1706-ஆம் வருஷம் பிலடெல்பியாவில் தங்கள் முதல் வட்டார மன்றத்தைக் கூட்டினார்கள். நம் சென்னையில் எழும்பூரிலே 1821-ல் திறக்கப்பட்ட ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் ஆலயத்தைக் கட்டியவர்களும் இந்த ஸ்காட்லாந்து மரபைச் சேர்ந்தவர்களே. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் வந்து கலந்த மரபுகளுள் இதுவும் ஒன்று.

அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை ஒன்றின் பரிபாலனம் நடைபெறும் விதத்தைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். சபையின் அங்கத்தினர் எல்லோரும் கூடித் தங்களுக்குள்ளே சிலரை மூப்பர்களாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியை, தச்சுவேலை செய்பவர், ஓய்வுபெற்ற தாதி, கணக்கர் என்று யாராயிருந்தாலும், தேர்ந்தெடுக்கப்பட்டவர் சபையார் முன்னிலையில் சத்தியம் செய்து, அபிஷேகம் பெற்று அந்தப் பொறுப்பை ஏற்கிறார். ஒரு தவணை மூன்று வருஷத்துக்கு மேற்படக்கூடாது. தொடர்ந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஒருவர் அந்த ஆசனத்தில் அமரவும் கூடாது. ஒரே குடும்பம் ஆலயத்தைத் தன் பூர்வீகச் சொத்தாகப் பாவித்துக்கொள்ளும் வியாதி எந்த நாட்டிலும் உண்டாதலால், இந்த விதியை ஏற்படுத்தியவர்களின் முன்யோசனையை மெச்சத்தான் வேண்டும். இந்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்த சங்கத்துக்கு செஷன் என்று பெயர். ஆராதனை எப்போது, ஆலயக் கட்டடத்தை யாருக்கு எதற்காகக் கொடுப்பது, காணிக்கைப் பணத்தை எவ்விதம் செலவிடுவது, யாரை அங்கத்தினராகச் சேர்ப்பது என்பவையெல்லாம் அந்தச் சங்கத்தின் தீர்மானத்துக்கு உட்பட்டவை. போதகர் அதற்குத் தலைமை வகிப்பார். ஆனால் அவருக்கும் ஒரே ஓட்டுதான். நோயாளிகளையும் வறியவர்களையும் துக்கத்தில் இருப்பவர்களையும் கவனிக்கும் வேலை உதவிக்காரருடையது.

போதகரின் நிலைமை இதில் விசித்திரமானது. சபை நியமிக்கும் ஒரு குழு அவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. சபையார் ஓட்டளித்து அவரை அழைக்கிறார்கள். அவருடைய சம்பளத்தை நிர்ணயிப்பவர்களும் அவர்களே. ஆயினும் அவர் அந்தச் சபையின் அங்கத்தினர் அல்லர். அவருடைய பெயர், அக்கம்பக்கத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்த பிரெஸ்பிட்டரி என்னும் வட்டார மன்றத்தின் ஏட்டில் இருக்கிறது. அம்மன்றத்தின் சம்மதமின்றி அவரை அழைக்கவும் முடியாது, அனுப்பிவிடவும் முடியாது. ஆகவே சபையாருக்குப் பிடிக்காத ஒரு சத்தியத்தை அவர் பிரசங்கபீடத்திலிருந்து சொல்லிவிட்டாலும், மறுநாள் காலையில் அவருடைய பெட்டி படுக்கை தெருவுக்கு வந்துவிடாது. மூப்பர்களைப் பற்றியும் ஓர் அழகான கொள்கை அவர்களுடைய சபைச் சட்டத்தில் இருக்கிறது: தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் விருப்பத்தைக் கண்ணாடிபோல் பிரதிபலிப்பது மட்டும் அவர்கள் வேலையன்று, கிறிஸ்துவின் சித்தம் இன்னதென்று கூடியிருந்து தேடுவதே அவர்கள் கடமை.

சம்பளத்துக்கு வேலை செய்யும் சிப்பந்திகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பாடகர் குழுவை நடத்துபவர், ஆர்கன் வாசிப்பவர், காரியாலயத்தில் தொலைபேசியும் கடிதங்களும் கவனிப்பவர், ஞாயிறு பள்ளியின் பொறுப்பாளர், ஆலயத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டித் திறப்பவர் என்று பெரிய சபைகளில் பலர் உண்டு. சிறிய சபைகளில் ஓரிருவரே இவையனைத்தையும் பகிர்ந்துகொள்வதுண்டு. முன்பின் தெரியாத ஒருவன் பசியோடு வாசலில் வந்து நிற்கும்போது முதலில் அவன் முகத்தைப் பார்ப்பவர் போதகர் அல்லர், இவர்களில் ஒருவர்தான் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்லலாம்.

சவுத்ஸைடு சபை 1906-ல், அப்போது பாப்பாகோ என்று வெளியாரால் அழைக்கப்பட்ட டோஹோனோ ஓதாம் பூர்வகுடி மக்களுக்காக ஏற்பட்டது. பிற்பாடு மெக்ஸிகோ வம்சத்தினரும் கறுப்பு இனத்தவரும் வெள்ளையரும் வந்து சேர்ந்தார்கள். பென்ஸில்வேனியாவில் பிறந்த ஃபைஃப், 1970-ல் இச்சபைக்குப் போதகராக வந்தார்.

1980-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், எல்சால்வடார் நாட்டிலிருந்து புறப்பட்டுவந்த ஒரு கூட்டத்தார், வழிகாட்டுவதாகப் பணம் வாங்கிக்கொண்டவர்களால் பாலைவனத்தில் கைவிடப்பட்டு, அவர்களில் 13 பேர் தாகத்தாலும் வெயிலாலும் மாண்டுபோனார்கள். தப்பிப் பிழைத்தவர்களை ஆதரிக்கும் பொறுப்பு டூஸான் சபைகளின் கைக்கு வந்தது. அவர்கள் வாயிலாகத்தான், அமெரிக்க சர்க்காரின் ஆயுதமும் பணமும் பெற்ற ஒரு ராணுவம் சொந்த ஜனங்களை என்ன பாடு படுத்துகிறது என்பதை அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் தெரிந்துகொண்டார்கள். அதே வருஷத்தில்தான் அமெரிக்காவில் அகதிகள் சட்டமும் நிறைவேறியிருந்தது. ஆனால், சட்டம் என்ன சொன்னபோதிலும், எல்சால்வடாரிலிருந்து வந்தவர்கள் பிழைப்புத் தேடி வந்தவர்களேயன்றி அகதிகள் அல்லர் என்று சாதித்து, அதிகாரிகள் அவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1984-ல் அப்படி வந்தவர்கள் கொடுத்த அடைக்கல மனுக்களில் அங்கீகாரம் பெற்றவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவரும், ஹார்வர்டில் தத்துவம் பயின்றுவிட்டு ஆடு மேய்க்கப் போனவருமான ஜிம் கார்பெட் என்ற ஒரு அபூர்வ மனிதர், 1981-ல் எல்லையைக் கடந்துவரும் அகதிகளைத் தாமே அழைத்துவரத் தொடங்கினார். ஃபைஃபும் அவரோடு சேர்ந்துகொள்ள, ஆலயத்தின் தரையில் அகதிகள் படுத்துறங்கலாயினர். இந்த வேலையை நிறுத்தாவிட்டால் வழக்குத் தொடரப்படும் என்று சர்க்கார் தரப்பு வக்கீல் ஒருவரிடமிருந்து எச்சரிக்கை வந்ததாக ஃபைஃப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ரகசியமாய்ச் செய்து பிடிபட்டால் கள்ளக் கடத்தல்காரர் என்ற பெயர்தான் மிஞ்சும். பகிரங்கமாய்ச் சொல்லிவிட்டால் ஏன் செய்தோம் என்பதை உலகம் கேட்கும். இந்த யோசனையைப் போதகர் தம் மனத்தோடு வைத்துக்கொண்டு முடிவெடுத்துவிடவில்லை, மூப்பர்களிடம் வைத்தார், மூப்பர்களோடு நில்லாமல் அது சபை முழுவதன் முன்னும் வந்தது. அகதிக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்கு ஐந்து வருஷம் வரை சிறைவாசம் கிடைக்கக்கூடும் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டே, 1982 ஜனவரியில் சபையார் ரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆதரித்தவர்கள் 59 பேர். எதிர்த்தவர்கள் 2 பேர். நடுநிலை வகித்தவர்கள் 4 பேர்.

அந்த இரண்டு பேரையும் நான்கு பேரையும் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எல்லோரும் ஒருமனமாய்க் கைதூக்கியிருந்தால் அதில் உணர்ச்சி வேகம் இருந்திருக்குமோ என்று சந்தேகிக்க இடமிருக்கும். பயந்தவர்களும் ஒப்பாதவர்களும் தங்கள் ஓட்டைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சௌகரியமிருந்ததனால்தான், மற்ற 59 பேரும் போட்ட சீட்டுகள் யாருக்காகவும் முகதாட்சண்யத்துக்குப் போட்டவை அல்ல என்று நிச்சயமாகிறது.

எல்சால்வடாரின் ஆர்ச்பிஷப் ஆஸ்கர் ரொமேரோ பலிபீடத்தருகே சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டாம் ஆண்டு நிறைவாகிய 1982 மார்ச் 24 அன்று, அமெரிக்க அட்டர்னி ஜெனரலுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டு, ஆலயத்தின் முன் எழுத்துப் பொறித்த துணிகளைத் தொங்கவிட்டு, இது அடைக்கல ஸ்தலம் என்று சவுத்ஸைடு சபை பிரகடனம் செய்தது. அதே தினத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் ஐந்து ஆலயங்கள் இவ்விதமே அறிவித்தன. வெகு விரைவில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான சபைகளும் யூத ஆலயங்களும் இவ்வழியில் சேர்ந்துகொண்டன.

சர்க்கார் பதில் சொல்லச் சிறிது காலம் எடுத்துக்கொண்டது. பக்தர்களைப்போல் வேஷம் பூண்ட ஒற்றர்கள், ஒலிப்பதிவுக் கருவியை உடலில் மறைத்துக்கொண்டு, ஆராதனைகளிலும் வேதபாட வகுப்புகளிலும் வந்து உட்கார்ந்தார்கள். 1985 ஜனவரியில் 16 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் 11 பேர் விசாரணைக்கு நின்றார்கள். எல்சால்வடாரில் நடந்த கொலைகளைப் பற்றியோ, தங்களை ஏவிய மத நம்பிக்கையைப் பற்றியோ ஜூரிகளிடம் பேசுவதற்கு நீதிபதி அனுமதி மறுத்துவிட்டதால், குற்றம் சாட்டப்பட்டவர்கள் சாட்சி ஒருவரையும் அழைக்காமலே தங்கள் வாதத்தை முடித்துக்கொண்டார்கள். 1986 மே 1 அன்று ஃபைஃப் உட்பட எட்டுப் பேர் குற்றவாளிகளென்று தீர்ப்பாயிற்று. கார்பெட் விடுதலையானார். சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பே தண்டனையாக விதிக்கப்பட்டது.

இந்த வழக்கு பத்திரிகைகளில் பெரிதாய் வந்தது. என் அபிப்பிராயத்தில் இதைவிட முக்கியமான மற்றொரு வழக்கு, அத்தனை பேர் கவனத்தைப் பெறவில்லை. சவுத்ஸைடு உட்பட அரிஸோனாவின் நான்கு சபைகள், தங்கள் மேலிடத்து ஸ்தாபனங்களோடு சேர்ந்து, வழிபாட்டில் ஒற்றர்களை நுழைத்தது முறையா என்று அரசாங்கத்தின் மேலேயே வழக்குத் தொடுத்தன. ஒற்று வேலை தெரியவந்த பிறகு ஆராதனைக்கு ஜனங்கள் வருவது குறைந்தது, வேதபாட வகுப்பு ஒன்று ஆளின்றி நின்றுபோயிற்று, காணிக்கையும் குறைந்தது என்பவை அவற்றின் முறையீடு. 1989-ல் ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் நீதிமன்றம், இவ்விதம் நேரும் பாதிப்பு தனித்தனி மனிதர்களுக்கு மட்டுமன்றிச் சபைக்கே நேர்ந்த பாதிப்பாகுமாதலால், அதை முறையிடச் சபைக்கு உரிமை உண்டு என்று சொல்லிற்று. வேறு சில சமய ஸ்தாபனங்கள் தொடுத்த இன்னொரு வழக்கின் சமரசத்தால், எல்சால்வடார், குவாதமாலா அகதிகளின் மனுக்களைப் புதிதாய் விசாரிக்க 1991-ல் சர்க்கார் ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷமே, கோர்ட்டில் குற்றவாளியென்று தீர்க்கப்பட்ட ஃபைஃபை, பிரஸ்பிட்டேரியன் சபைகளின் தேசிய மகாசபை தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

இத்தனையும் சொன்னபின், இந்தப் பரிபாலன முறை எப்போதும் தாராள மனத்தோடுதான் நடந்துகொண்டது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. விசுவாச அறிக்கை சம்பந்தப்படாத எந்தக் காரணத்துக்காகவும் ஒருவருக்கு அங்கத்தினர் உரிமையை மறுக்கலாகாது என்று அதன் சட்டம் சொல்லுகிறது. ஆனால், அங்கத்தினராய்ச் சேர்த்துக்கொள்வது வேறு, மூப்பராயும் போதகராயும் அபிஷேகம் செய்வது வேறு என்று ஆயிற்று. ஸ்திரீகள் மூப்பராவதற்கு 1930 வரையிலும், போதகராவதற்கு 1956 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. தன்பாலின ஈர்ப்புடையவர்களுக்குப் பதவி மறுத்து 1978-ல் மகாசபை கூறிய முடிவை, நியூயார்க்கின் வெஸ்ட்-பார்க் சபை அவ்வருஷமே பகிரங்கமாக மறுத்து நின்றது. 1997-ல் சட்டத்திலேயே ஏறிவிட்ட அந்தத் தடை 2011-ல்தான், வட்டார மன்றங்களில் பெரும்பான்மையின் ஓட்டால் நீங்கிற்று. அவர்களுடைய விவாகத்துக்கும் 2015-ல் இடம் கொடுக்கப்பட்டது. எனினும், தன் ஆலயத்தில் அதை நடத்துவதா வேண்டாமா என்பதை அந்தந்த மூப்பர் சங்கமே தீர்மானிக்கலாம். பல சபைகள் இதை ஒப்பாமல் பிரிந்தும் போயின. ஒரு ஸ்தாபனம் தன் மனத்தை மாற்றிக்கொள்ள முப்பது நாற்பது வருஷம் எடுத்துக்கொள்வது, அதற்குள் ஆயுளைக் கழித்துவிட்டவர்களுக்கு எவ்விதத்திலும் நியாயமாகத் தோன்றாது.

சவுத்ஸைடில் ஃபைஃப் 2005-ல் ஓய்வு பெற்றார். பெயர் பெற்ற போதகர் ஒருவர் போனபின், அவரால் நடந்த காரியங்களும் அவரோடு போய்விடுவதுதான் பல இடங்களிலும் நாம் காணும் அனுபவம். இங்கே அப்படி ஆகவில்லை. பாலைவனத்தில் வழி தப்பியவர்களுக்குத் தண்ணீரும் மருந்தும் கொண்டுபோகும் ஸமாரிட்டன்ஸ் என்ற தொண்டர் குழு 2002-லேயே இந்த ஆலயத்தில் தோன்றி, போதகர் மாறிய பின்னும் நடந்துவந்தது. தினக்கூலிக்கு ஆள் தேடுகிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் தெருமுனையில் நின்று ஏமாறாதபடி, தொழிலாளர்களே கூடி நடத்தும் ஒரு வேலை மையத்துக்கும் ஆலய வளாகத்தில் இடம் கொடுக்கப்பட்டது.

2014-ல், ஆலிசன் ஹாரிங்டன் என்ற பெண்மணி போதகராயிருந்த காலத்தில், நாடு கடத்தும் உத்தரவு பெற்ற குடும்பத் தலைவர் ஒருவர் முதலில் இந்த ஆலயத்தில் தஞ்சம் புகுந்து, சில வாரங்களில் அவகாசம் பெற்று வெளியேறினார். ஆகஸ்டில், வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்துவந்தவரும், இரண்டு சிறுவர்களுக்குத் தாயுமான ஒரு மெக்ஸிகோ மாது வந்து சேர்ந்தார். அவரை அதிகாரிகள் பார்வைக்குக் கொண்டுவந்தது ஒரு சிறிய போக்குவரத்து விதிமீறல்தான். அவர் ஆலய எல்லையைத் தாண்டாமல் அங்கேயே வசித்தார். பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்கக்கூட வெளியே போக முடியாது. சபையாரும் அக்கம்பக்கத்துத் தொண்டர்களும் முறை வைத்துக்கொண்டு அவருக்குத் துணையிருந்தார்கள். மாலைதோறும் ஜெபத்துக்குக் கூடினார்கள். வக்கீல்கள் அரசாங்கத்தோடு வெளியிடப்படாத ஓர் உடன்பாடு செய்து முடித்த பிறகு, 2015 நவம்பரில், 461 நாட்கள் கழித்து அவர் தம் வீட்டுக்குப் போனார்.