விழித்தெழாத கணிப்பொறி

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும்போது, அயோத்தியாப்பட்டணம் போன்ற வெப்பமும் புழுதியும் மிகுந்த ஊர்களில் மேசைக் கணிப்பொறி சில எளிதில் இயங்கத் தொடங்குவதில்லை. உடனே அதனைப் பழுதென்று ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி பொறிகளுக்கும் பொருந்தும்.

பொத்தானை அழுத்தியும் விசிறி சுழலவில்லையாயின், மின்சாரம் வந்து சேர்கிறதா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின் யாது செய்வது? கணிப்பொறி விழித்தவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட கணிப்பொறியிலேயே இவ்வமைப்பு இருந்தது. குறை கண்டால் பல பொறிகள் 'பீப்' என்று ஒலித்து அறிவிக்கும். நினைவகப் பலகையின் தொடுமுனைகளில் படிந்த அழுக்கும் இதற்குக் காரணமாகலாம். ஆசிரியர் முன்னிலையில், மின்வடத்தை நீக்கியபின், பலகையைக் கழற்றி உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பொருத்தினால் பொறி மீண்டும் இயங்கக்கூடும். நாளும் நேரமும் அடிக்கடி பிழைபடுமாயின், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் மின்கலம் வலுவிழந்தது எனக் கருதலாம்.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் மாணவர் திறத்தலாகாது. மின்வடத்தை நீக்கிய பின்னும் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டம் அதனுள் தங்கியிருக்கக்கூடும். ஆராயும் அறிவோடு அஞ்சுவது அஞ்சும் அறிவும் வேண்டும்.