அடைப்பு 60 சதவீதம்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

முழு உடல் பரிசோதனை என்று விற்கப்படும் பேக்கேஜ்களில் இப்போது கழுத்து டாப்ளர் ஸ்கேனும் சேர்ந்துவிட்டது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர் காலையில் வெறும் வயிற்றோடு போகிறார். மாலையில், ‘இடது கழுத்துத் தமனியில் 60 சதவீத அடைப்பு’ என்று எழுதிய தாளோடு வீடு திரும்புகிறார். அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு, பணத்துக்கு யாரைக் கேட்பது என்று பேச்சு ஓடுகிறது. ஆபரேஷன் தேவையா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு 70 ஆண்டு ஆராய்ச்சி பதில் சேர்த்து வைத்திருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

முதலில், அடைப்பு எப்படிப் பக்கவாதமாகிறது என்று பார்த்துவிடலாம். துருப்பிடித்த குழாயில் தண்ணீர் குறைவதுபோல மூளைக்கு ரத்தம் குறைந்து கை கால் விழுந்துவிடுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. தாடைக்குக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. அந்தப் படிவின் மேல்பரப்பு வெடித்துப் புண்ணானால் ரத்தத் தட்டணுக்கள் அங்கே கூடி ஒரு ரத்தக்கட்டி உருவாகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய் மூளையின் சிறு குழாயை அடைத்தால் அதுதான் பக்கவாதம். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று வளையமாக இணைந்திருப்பதால், ஒரு பக்கக் கழுத்துத் தமனி முழுதாக மூடிப்போயும் எதுவும் தெரியாமல் வாழ்கிறவர்கள் உண்டு. அடைப்பின் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கழுத்துத் தமனி அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பை 1951-இல் மான்ட்ரியலில் மில்லர் ஃபிஷர் தெளிவாக எழுதினார். 1954-இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில், அடைப்பு இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத் தமனியை மீண்டும் இணைத்த அறுவை சிகிச்சை வெற்றி பெற்றது. பிறகு தமனியைத் திறந்து படிவைச் சுரண்டி எடுக்கும் முறை உலகெங்கும் பரவியது. இன்னொரு யோசனையும் வந்தது. அடைப்பைத் தொடவே வேண்டாம்; மண்டையோட்டுக்கு வெளியே ஓடும் தமனி ஒன்றை உள்ளே இருக்கும் மூளைத் தமனியோடு தைத்து மாற்றுப்பாதை போட்டுவிட்டால் போதாதா? சூரிச்சில் யாசர்கில் 1967-இல் அதைச் செய்துகாட்டினார். நுட்பமான, அழகான அறுவை அது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்யப்பட்டது.

அது பயன் தருகிறதா என்று கனடாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஹென்றி பார்னெட் தலைமையில் சோதித்தார்கள். 1,377 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு மருந்து மட்டும், மறு பிரிவினருக்கு மருந்தோடு பைபாஸ். முடிவு 1985-இல் வந்தது. பைபாஸ் செய்த இடத்தில் 96 சதவீதம் பேருக்கு ரத்தம் தடையில்லாமல் ஓடியது. ஆனாலும் பக்கவாதம் குறையவில்லை. ஆபரேஷன் வெற்றி, நோயாளிக்குப் பயன் இல்லை. இந்த ஒரு முடிவை ஒவ்வொரு நோயாளியின் குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ‘அடைப்பு இருக்கிறது, சரிசெய்துவிடலாம்’ என்பது நியாயமாகத் தோன்றும் வாதம்தான். ஆனால் நியாயமாகத் தோன்றுவதும் சோதித்துப் பார்க்கும்போது பொய்த்துப்போகலாம்.

அதே பார்னெட் அடுத்ததாகக் கழுத்து அறுவையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். இந்தமுறை விடை அறுவைக்குச் சாதகமாக வந்தது. ஏற்கெனவே சிறு பக்கவாதமோ, வந்து சிறிது நேரத்தில் மறைந்த அறிகுறிகளோ கண்டவர்களில், 70 முதல் 99 சதவீத அடைப்பு இருந்த 659 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2 ஆண்டில் அடைப்பு இருந்த பக்கத்து மூளையில் பக்கவாதம் வந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம். அறுவை செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்தப் பிரிவுக்கான ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். அறிகுறி கண்டவர்களிலும் 50 முதல் 69 சதவீத அடைப்புக்குப் பயன் சுமார்தான். 50-க்குக் கீழே பயனே இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பார்னெட்டின் அந்த வட அமெரிக்க ஆய்வும், அதே காலத்தில் நடந்த ஐரோப்பிய ஆய்வும் அடைப்பை அளந்த விதம் வேறு வேறு. ஒரே தமனியை ஒரு முறையில் அளந்தால் 50, மறுமுறையில் அளந்தால் 70-ஐ ஒட்டி வரும். டாப்ளர் தருவதோ ஒரு மதிப்பீடு. ஆகவே தாளில் உள்ள எண் எந்த முறைப்படி வந்தது, சிடி ஆஞ்சியோவில் உறுதி செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

அறிகுறி வந்து மறைந்தவர்கள்தான் உண்மையில் ஓட வேண்டியவர்கள். ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோலப் பார்வை போய்ச் சில நிமிடத்தில் திரும்பும். கையிலிருந்த டம்ளர் நழுவும். பேச்சு குழறிப் பத்து நிமிடத்தில் தெளியும். ‘பித்தம்’, ‘வெயில்’, ‘சரியாப் போச்சு’ என்று நம் வீடுகளில் விட்டுவிடுகிறோம். பெரிய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து 2004-இல் பார்த்தபோது ஒன்று வெளிப்பட்டது: 2 வாரத்துக்குள் அறுவை நடந்தால் 5 பேருக்குச் செய்வதில் ஒருவருடைய பக்கவாதம் தடுக்கப்படுகிறது, 12 வாரம் கடந்துவிட்டால் 125 பேருக்குச் செய்தால்தான் ஒருவர். கண்ணில் திரை இறங்கியவர் தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

அறிகுறியே இல்லாதவரின் நிலை முற்றிலும் வேறு. 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 60 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு இருந்தும் அறிகுறி எதுவும் இல்லாத 1,662 பேர் இருந்தார்கள். 5 ஆண்டுக்கான பக்கவாத அபாயம் மருந்துப் பிரிவில் 11 சதவீதம், அறுவைப் பிரிவில் சுமார் 5 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஆபத்து பாதியாகக் குறைந்தது என்று இதைச் சொல்லலாம். அதையே இப்படியும் சொல்லலாம்: 100 பேருக்குக் கழுத்தைத் திறந்தால் 5 ஆண்டில் 6 பேருக்குப் பயன், 89 பேருக்கு அறுவை இல்லாமலே பக்கவாதம் வந்திருக்காது. இரண்டு கணக்கும் உண்மை. இரண்டாவதையும் நோயாளிக்குச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் அரைச் சம்மதம்தான். சிக்கல் விகிதம் குறைவாக உள்ள அறுவை நிபுணர்களை மட்டுமே பொறுக்கி எடுத்து நடத்திய ஆய்வு அது என்பதையும் மறக்கக் கூடாது.

அதன் பிறகு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் பரவின. ரத்த அழுத்தக் கட்டுப்பாடும் மேம்பட்டது. அறுவை இல்லாதவர்களுக்கே ஆபத்து குறைந்துவிட்டது. 2025 இறுதியில் வெளியான கிரெஸ்ட்-2 ஆய்வில், அறிகுறி இல்லாத கடும் அடைப்புக்கு நல்ல மருந்து சிகிச்சையோடு ஒப்பிடுகையில் கழுத்து அறுவையால் உறுதியான கூடுதல் பயன் தெரியவில்லை. தமனிக்குள் ஸ்டென்ட் எனும் சிறு வலைக்குழாய் வைத்தவர்களுக்கு ஓரளவு பயன் தெரிந்தது. எந்தப் பிரிவிலும் பெரும்பாலானோருக்குப் பக்கவாதம் வரவே இல்லை. அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொதுவாகக் கழுத்து ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2021-இலேயே மீண்டும் சொல்லியிருந்தது. நம் ஊர்ப் பேக்கேஜ்களில் அதே ஸ்கேன் இலவச இணைப்பாக வருவது எனக்குக் கவலை தருகிறது.

ஸ்டென்டா, அறுவையா என்று கேட்டால் 2,502 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வு இரண்டும் மொத்தத்தில் சமம் என்றது. ஆனால் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்டில் 4.1, அறுவையில் 2.3 சதவீதம், மாரடைப்பு ஸ்டென்டில் 1.1, அறுவையில் 2.3 சதவீதம். இது கழுத்துக்கு. மண்டைக்குள் இருக்கும் தமனி அடைப்பு, வெள்ளையரைவிட ஆசியர்களுக்கு அதிகம் வருவது. அதற்கு ஸ்டென்ட் வைப்பதைச் சோதித்த சாம்ப்ரிஸ் ஆய்வு 2011-இல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. 30 நாளில் பக்கவாதமோ மரணமோ ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதம், மருந்துப் பிரிவில் 5.8 சதவீதம் என்று ஆனதே காரணம். மூளைக்குள் ஸ்டென்ட் என்று யாராவது சொன்னால், மருந்தை முழுமையாகக் கொடுத்துப் பார்த்தாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி.

இனிச் சட்டம். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு நோயாளிகளுக்குப் பெரிய துணை. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் மட்டும் சம்மதம் வாங்கிக்கொண்டு பெரிய அறுவையே நடந்துவிட்டது. அது செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்கு விளக்கிய பிறகு பெறுவதே சம்மதம். உயிரைக் காக்கும் அவசரத்துக்கு மட்டும் விலக்கு. நம்மிடம் அட்டெண்டர் கையெழுத்துதான் பழக்கம். மூத்த மகனோ மருமகனோ கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். நினைவோடு இருக்கும் அப்பாவிடமோ அம்மாவிடமோதான் டாக்டர் பேச வேண்டும். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைக் கேளுங்கள்: “டாக்டர், உங்ககிட்ட இந்த ஆபரேஷன் பண்ணினவங்கள்ல எத்தனை பேருக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கு?” அறிகுறி இல்லாதவர்களில் அறுவையை ஒட்டிய பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 3 சதவீதத்தைத் தாண்டினால் அறுவையின் பயனே கரைந்துவிடும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு.

ஆய்வில் சேரச் சொன்னால் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஆய்வில் சேர்ந்த நோயாளிகள் தந்தவை. ஆனால் எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும் என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். சம்மதப் படிவத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கிறதா என்று இணையத்தில் எவரும் பார்க்கலாம். மருந்து ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. மரணம் என்றால் வாரிசுக்கு.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்கப் போகும்போது தானாகவே ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நிறுத்துவது ஆபத்தானது. எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அது ரத்தக்கசிவாகவும் இருக்கலாம், ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். நாட்டு வைத்தியம் என்று புறா ரத்தம் தடவும் இடத்துக்குக் கொண்டுபோனால் பொன்னான நேரம் போய்விடும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. குழாய் வழியாகக் கட்டியை எடுப்பது தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரை முடியும். 108-ஐ அழைத்ததும் கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

குறை நேர்ந்தால் என்ன செய்வது? நன்றாகச் செய்த அறுவையிலும் பக்கவாதம் வரலாம். 1991 ஆய்விலேயே அறுவைக்குப் பின் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ கண்டவர்கள் 5.8 சதவீதம். விளைவு மோசமாக இருப்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. ஆபத்தைச் சொல்லாமல் மறைத்தது, தேவையற்ற அறுவையைத் திணித்தது, சிக்கல் வந்தபின் கவனிக்காமல் விட்டது ஆகியவையே புகாருக்கு உரியவை. மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிடம் முறையிடலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு மட்டும் அந்த வழி பொருந்தாது.

நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கையில் காகிதம் இல்லாமல் போனால் எதுவும் நிற்காது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் தந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட், சம்மதப் படிவம், அறுவைக் குறிப்பு, ஸ்கேன் சிடி அனைத்தையும் எழுத்துமூலம் கேளுங்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிரச்சினை எதுவும் இல்லாவிட்டாலும் இவற்றை வாங்கி வைப்பது நல்லது. அடுத்த மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது அவருக்கு வேண்டியதும் இதே காகிதங்கள்தான்.