புயலுக்கு முன் நான்கு குடம்

வானொலியில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. உங்கள் வீட்டில் முதலில் எதைத் தேடுவீர்கள்? மெழுகுவத்தி, தீப்பெட்டி, அரிசி என்பீர்கள். தண்ணீர் என்பவர் சிலரே. ஊரே வெள்ளக்காடாகும்போது தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றுவது இயல்புதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டி சிதையாமல் நின்றாலும், நீரேற்றும் மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் நீர் ஏது?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர்; அதாவது 15 லிட்டர் கொள்ளும் குடங்கள் நான்கு. குடத்தை மூடி வைத்தால் மட்டும் போதாது. டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொள்ளும்போது விரல்களில் உள்ள கிருமிகளும் நீரில் இறங்குகின்றன. நீண்ட காம்புள்ள அகப்பையால் மொள்ளுங்கள்.

அவல், பொட்டுக்கடலை, வெல்லம் ஆகியவற்றுக்கு அடுப்பு வேண்டியதில்லை. வழக்கமாக உண்ணும் மருந்துகள், டார்ச் விளக்கு, குடும்ப அட்டை இவற்றைப் பாலிதீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள்.

நான்கு குடமும் தீர்ந்துவிட்டால்? கலங்கிய நீரைத்தான் நாட வேண்டும். அதில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று விலக்குவதால் எளிதில் படிவதில்லை. நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தது இதற்காகவே. கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் துகள்களைப் பிணைத்துத் திரட்டுகின்றன. திரண்டவை கனத்தால் அடியில் தங்குகின்றன. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. கிருமிகள் அதில் எஞ்சியிருக்கும்.

அவற்றைக் கொல்லக் குளோரின் மாத்திரை உதவும். குளோரின் நீரில் சேர்ந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. இதன் மூலக்கூறுக்கு மின்னூட்டம் இல்லாததால், கிருமியின் மேலுறையை எளிதில் ஊடுருவி உள்ளிருக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது. கலங்கல் நீரில் மாத்திரையைப் போட்டால், அங்குள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். துகள்களுக்குள் ஒளிந்த கிருமிகளும் தப்பிவிடும். ஆகவே முதலில் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். பிறகு உறையில் குறித்த அளவு மாத்திரையிட்டு அரைமணி நேரம் பொறுங்கள். இலேசான குளோரின் வாடை வந்தால் சரி. வராவிட்டால் இன்னொரு முறை அதே அளவு இட்டு மீண்டும் அரைமணி காத்திருங்கள். விறகு கிடைத்தால் இன்னும் நல்லது: தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த நீரில் நோய்க்கிருமிகள் பிழைப்பதில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. புயலோடு கடல்நீர் உள்ளே புகுந்தால் கிணறுகளும் அடிகுழாய்களும் உப்பாகிவிடும். குளோரின் உப்பை நீக்காது. காய்ச்சினாலோ நீர் ஆவியாகி உப்பு இன்னும் செறிவாகும். நீர் உப்புக் கரித்தால் அதைக் குடிக்காதீர்கள். நல்ல நீர் வண்டி வந்து சேரும்வரை உங்களுக்கு முன்கூட்டி நிரப்பிய குடங்கள்தாம் கதி.