எந்த ஊர் அரபு?

1950-களில் பேச்சு அரபு கற்க வந்த வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: எகிப்து அரபு. மாதத்தின் முதல் வியாழன் இரவு பாடகி உம்மு குல்ஸூமின் கச்சேரியைக் கெய்ரோ வானொலி நேரடியாக ஒலிபரப்பும். அரபு நாடுகளெங்கும் காப்பிக்கடைகளில் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் உட்காரும். 1953-இல் தொடங்கிய ‘ஸவ்த் அல் அரப்’ வானொலி எகிப்துத் தலைவர் நாசரின் குரலை எல்லை தாண்டிக் கொண்டுபோனது. 1935-இல் எழுந்த ஸ்டூடியோ மிஸ்ர் வழியே படங்கள் குவிந்தன. 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றதும் அங்கே பாடம் நடத்த எகிப்து ஆசிரியர்கள் போனார்கள், வளைகுடாவுக்கும் போனார்கள். கெய்ரோக்காரர் பேசினால் எங்கும் புரிந்ததற்குக் காரணம் இத்தனை பேரின் உழைப்பு.

அன்றைய பல்கலைக்கழகங்களோ ஃபுஸ்ஹா என்னும் எழுத்து அரபைத்தான் சொல்லிக்கொடுத்தன. தெருவில் புழங்கும் ஆம்மிய்யாவைப் பலர் பிழைபட்ட மொழியாகவே பார்த்தார்கள். ஃபுஸ்ஹா மட்டும் படித்தவர் கெய்ரோ சந்தையில் விலை கேட்பது, நம்மூர்க் காய்கறிக் கடையில் ஒருவர் இலக்கணத் தமிழில் பேரம் பேசுவதுபோல இருக்கும். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அரபும் ஒரு முதன்மை எடுத்துக்காட்டு.

இன்று கெய்ரோ மட்டுமே பேசுவதில்லை. 2006-இல் ‘பாப் அல் ஹாரா’ தொடர் பழைய டமாஸ்கஸின் பேச்சை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 2008-இல் எம்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘நூர்’ என்ற துருக்கித் தொடருக்கு சிரியக் கலைஞர்கள் குரல் கொடுக்க, சிரியா வட்டாரத்து ஷாமி வழக்கு அரபுலகம் முழுவதும் காதுக்குப் பழகியது. டமாஸ்கஸுக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்களை 2011-க்குப் பிந்தைய போர் அம்மானை நோக்கித் திருப்பியது. பாடநூலும் மாறியது. 1995-இல் எழுத்து அரபை மையமாக வைத்து வந்த ‘அல் கிதாப்’, 2011-இன் மூன்றாம் பதிப்பில் எகிப்து, ஷாமி வழக்குகளையும் கூடவே தந்தது. கைப்பேசி வந்தபின் பேச்சு வழக்கே எழுத்தாகவும் ஆனது. ரோமன் எழுத்தில் இல்லாத ஒலிகளுக்கு எண்களை வைத்து இளைஞர்கள் தட்டச்சு செய்தார்கள்: ‘ஹா’வுக்கு 7, ‘ஐன்’ எழுத்துக்கு 3.

வழக்குகளுக்கு இடையே தூரம் எவ்வளவு? ‘இப்போது’ என்பதற்குக் கெய்ரோவில் தில்வஅத்தி, டமாஸ்கஸில் ஹல்லஅ, பாக்தாதில் ஹஸ்ஸா, வளைகுடாவில் அல்ஹீன், காசாபிளாங்காவில் தாபா. தினமும் நூறு முறை வாயில் வரும் சொல்லே இப்படி.

“எகிப்து அரபு படி, எல்லாருக்கும் புரியும்” என்ற பழைய அறிவுரையில் பாதிதான் உண்மை. நாம் பேசுவது மொராக்கோக்காரருக்குப் புரியும். படம் பார்த்துப் பழகிய காது அது. அவர் தன் அண்ணனோடு பேசுவது நமக்குப் புரியாது. நமக்காக அவர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளும்வரை நாம் விருந்தாளிதான்.

வளைகுடாவுக்குப் போன தமிழர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்றவரும், அரபே அறியாமல் விமானம் ஏறியவரும் வேலையிடத்தில் காதால்தான் பேச்சைப் பிடித்தார்கள். பல பேருக்குக் கிடைத்தது, பல நாட்டுத் தொழிலாளர்கள் கலந்து பேசும் சுருக்கிய அரபு. வேலை நடக்கும், முதலாளியின் வீட்டாரோடு மனம்விட்டுப் பேச அது போதாது. இன்று தமிழிலேயே வளைகுடா அரபு சொல்லித்தரும் யூடியூப் காணொளிகள் இருக்கின்றன. புறப்படும் முன்பே ஒழுங்காகத் தொடங்கலாம்.

ஆகவே, எது அதிகம் பேருக்குப் புரியும் என்பதைவிட, யாரோடு பேசப்போகிறோம் என்றே முதலில் கேட்க வேண்டும். அம்மானில் படிப்பு என்றால் ஷாமி, குவைத்தில் வேலை என்றால் வளைகுடா வழக்கு, ரபாத்தில் உறவு என்றால் மொராக்கோவின் தாரிஜா. யாரோடு என்று இன்னும் முடிவாகாதவருக்கு இன்றும் எகிப்து அரபு நல்ல தேர்வு: பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள், வற்றாத திரைப்படங்கள், 1986-இல் ஹைண்ட்ஸும் பதவியும் தொகுத்த அருமையான அகராதி. எதை எடுத்தாலும், அது நாவில் படியும்வரை இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். ஒன்றில் சரளமாகப் பேசுபவருக்கு அடுத்தது பாதி வழியில் வந்து கைகொடுக்கும். நான்கையும் தொட்டுப் பார்ப்பவருக்கு எந்த ஊரிலும் பேச்சு நீளாது.