நெடுந்தூரம் செல்லும் குதிரை: தெரிவும் இனவிருத்தியும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே உழவு மாட்டைத் தெரிவு செய்யும் முறையைக் கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாம்பனின் திமிலையும் கொம்பையும் பார்த்து மயங்குபவன் இளைஞன்; அதன் குளம்பையும் நடையையும் பார்ப்பவன் அனுபவசாலி. காலையில் ஏரிற் பூட்டிய மாடு நண்பகலில் எவ்வாறு மூச்சு விடுகிறது, பூட்டு அவிழ்த்தபின் எவ்வளவு விரைவில் இளைப்பு ஆறி அசைபோடத் தொடங்குகிறது என்பவற்றைக் கொண்டே அதன் தகுதி அறியப்பட்டது. உழவு இயந்திரம் வந்தபின் இவ்வறிவுக்கு வயலில் வேலை குறைந்துவிட்டது. ஆனால் நெடுந்தூரம் செல்லும் குதிரையைத் தெரிவு செய்வதற்கு வேண்டியதும் இதே அறிவுதான். நமக்கு அண்மையில், நெடுந்தீவிலே, ஓர் அரிய குதிரைக் கூட்டம் வாழ்கின்றது. ஆகையால் அத்தகைய குதிரை எது, அதனை எவ்வாறு பெருக்குவது, நம் வயலிலும் தோட்டத்திலும் கிடைக்கும் தீவனங்களுள் எது அதற்கு ஆகும், எது ஆகாது என்பவற்றை இங்கே கூறுவோம்.

நெடுந்தீவுக் குதிரை

நெடுந்தீவு, யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக்குநீரிணையில் அமைந்த தட்டையான முருகைக்கல் தீவு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். மண் ஆழமற்றது, நன்னீர் அரிது. அங்குள்ள குதிரைகளின் மூதாதைகள் போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை என்பர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அங்கே குதிரைப் பண்ணை நடத்தினர். அவர்கள் காலத்துக் குதிரை லாயத்தின் கற்றூண்களை இன்றும் காணலாம். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படை அதிகாரி தீவின் பொறுப்பை ஏற்றிருந்தார். பின்னர் பண்ணை கைவிடப்படவே, எஞ்சிய குதிரைகள் கட்டாக்காலிகளாயின.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதையும், அவற்றுட் பல விரைவில் மடிந்ததையும் எழுதியுள்ளார். பேணும் முறை அறிந்தவர் அங்கு இல்லை என்பதும், குதிரைக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்து ஊட்டினர் என்பதும் அவர் கூற்று. அரசனின் லாயத்திலே சோறுண்ட குதிரை மாண்டது. எவரும் ஊட்டாத நெடுந்தீவுக் குதிரையோ பல தலைமுறை கண்டது. காரணம் எளிது. தீவிலே தெரிவு செய்தவன் மனிதனல்லன், வறட்சி. சிறிய உடலும், குறைந்த தீனியில் வாழும் இயல்பும், கல்லில் நடந்து தேய்ந்து உறுதிப்பட்ட குளம்பும் உள்ளவையே எஞ்சின. இவை நெடுந்தூரக் குதிரைக்கும் வேண்டிய குணங்கள். எனினும் இவை மட்டும் போதா என்பதைப் பின்னர்க் காண்போம்.

நெடுந்தூரச் சவாரி என்றால் என்ன?

சவாரி என்றதும் நம்மவர்க்கு மாட்டுவண்டிச் சவாரியே நினைவுக்கு வரும். அது சில நிமிடங்களில் முடிந்துவிடும் விரைவுப் போட்டி. குதிரையின் நெடுந்தூரச் சவாரி முற்றிலும் வேறானது. அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்தில் 1955 ஆம் ஆண்டு வென்டெல் ரொபி என்பவர், 100 மைல் மலைப்பாதையை ஒரே நாளிற் குதிரையாற் கடக்க முடியும் என்று காட்டப் புறப்பட்டார். அன்று தொடங்கிய ரெவிஸ் கிண்ணச் சவாரியின் வழியே இக்கலை பல நாடுகளுக்கும் பரவிற்று. 100 மைல் என்பது 160 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குச் சென்று மீள்வதற்குச் சற்றே கூடிய தூரம்.

இப்போட்டியின் சிறந்த விதி யாதெனில், பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மிருக வைத்தியர் குதிரையைச் சோதிப்பதாகும். குறித்த சில நிமிடங்களுக்குள் அதன் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64 என்ற அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். நொண்டுதலும் கூடாது. இறங்காவிடில், முதலாவதாக வந்த குதிரையாயினும் போட்டியினின்று விலக்கப்படும். ஆதலால், இங்கே மதிக்கப்படுவது ஓடும் வேகம் மட்டுமன்று, இளைப்பாறும் வேகமுமாகும். அராபியக் குதிரை உலகெங்கும் இப்போட்டியில் முன்னிற்பதற்கு அதன் அழகு காரணமன்று. மெல்லிய தோல், குறைந்த தசைப் பருமன், வெப்பத்தை விரைவில் வெளியேற்றும் உடல் ஆகியவையே காரணங்கள்.

தெரிவு

முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். சுவர் வெடிப்பின்றி, வட்டமாக, நான்கும் ஒத்த அளவினவாக இருத்தல் வேண்டும். குளம்பின் அடியிலுள்ள மெதுவான முக்கோணப் பகுதி அகன்றதாயும் நாற்றமற்றதாயும் இருத்தல் நன்று. முருகைக்கல்லில் வளர்ந்த குளம்பு தானே தேய்ந்து ஒழுங்குபெறும். நமது களிமண் வயலோரத்தில் அது தேயாது. மாரியில் ஊறி அழுகவும் கூடும். எனவே கட்டுமிடம் உலர்ந்த மேட்டுநிலமாக இருக்க வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவவும் வேண்டும்.

அடுத்து, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு குறுகியதாயும் நேரானதாயும் இருக்கின்றதா என நோக்குக. மார்பு ஆழமாக இருத்தல் நன்று. அளவுக்கு மீறி அகன்ற மார்பு நெடுந்தூரத்துக்குச் சுமையே. பின்னர், குதிரையை உறுதியான தரையில் நேராக நடத்தி, பின்னால் நின்று பார்க்க. முன்னங்காலின் தடத்தைப் பின்னங்கால் தொடரும் குதிரை சக்தியை வீணாக்காது. இந்தியாவின் கச்சுப் பகுதியிலே 2017 இல் தனி இனமாக ஏற்கப்பட்ட கச்சி-சிந்திக் குதிரை, 'ரேவால்' எனப்படும் அதன் மென்னடைக்காகவே விரும்பப்படுகிறது. ஏறியிருப்பவன் அதிகம் குலுங்குவதில்லை.

நிறை தூக்கும் ஆற்றலில்தான் பலரும் ஏமாறுகின்றனர். தராசு இல்லாவிடினும் ஓர் அளவுநாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்குக. வரும் தொகையைத் தோள்முனை முதல் பிட்டமுனை வரையுள்ள நீளத்தாற் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழ உடல்நிறை கிலோகிராமிற் கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 130 ஆயின் நிறை ஏறத்தாழ 214 கிலோகிராம். சேணத்தையும் சேர்த்து உடல்நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது. எனவே இக்குதிரை 43 கிலோகிராமே சுமக்கும். வளர்ந்த ஆண் ஒருவர் இதன்மீது நெடுந்தூரம் செல்வது கொடுமை. சிறுவர்க்கும், இலேசான வண்டிக்கும், மெலிந்த உடலினர் செல்லும் குறுகிய தூரத்துக்குமே இவ்வளவுக் குதிரை ஏற்றது. நெடுந்தீவுக் குதிரை எதையும் தாங்கும் என்று புகழ்வோர், இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

இறுதிச் சோதனை நாடி. தாடை எலும்பின் கீழே விரல்களை வைத்தால் துடிப்புத் தெரியும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 5 கிலோமீற்றர் துள்ளுநடையில் சென்று வந்து, நிழலில் நிறுத்தி, 15 விநாடிக்கு 16 துடிப்பாக இறங்க எத்தனை நிமிடம் செல்கிறது என்று குறித்துக்கொள்க. இதனை ஒரே நேரத்தில், ஒரே பாதையில், வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் செய்தால், எந்தக் குதிரைக்கு இயல்பிலேயே ஆற்றல் உண்டு என்பது ஐயமின்றி விளங்கும். விற்பவரின் வாக்கை விட இப்பதிவு மேலானது.

தீவனம்: கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது

மாட்டுக்கு ஆவது குதிரைக்கும் ஆகும் என்று எண்ணுவதே பெரும் கேட்டுக்கு மூலம். மாடு அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் பல நச்சுப் பொருள்களைச் சிதைத்துவிடும். குதிரைக்கு ஒற்றை இரைப்பை. அன்றியும் அதனால் வாந்தி எடுக்க முடியாது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாடு ஒருவாறு தாங்கினும், குதிரைக்கு அது கடும் வயிற்றுவலியையும் மூச்சு நோயையும் தரும்.

நெல் தவிடு நம்மிடம் மலிவானது. ஆதலால் அபாயமும் மிகுதி. தவிட்டிலே பொசுபரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. ஒன்று மற்றதைப் போற் பத்து மடங்குக்கு மேலிருக்கும். தவிட்டை நாள்தோறும் பெருமளவில் தின்னும் குதிரை, குறைபட்ட கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் முக எலும்பு வீங்கும். கால்கள் இடம் மாறி மாறி நொண்டும். சிறு தடுக்கலிலும் எலும்பு முறியும். தவிடு கொடுப்பதாயின் சிறிதளவே கொடுத்து, மிருக வைத்தியர் கூறும் அளவில் சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்க்க வேண்டும். புதிய தவிடாகவும் இருக்க வேண்டும். வைத்த தவிடு விரைவிற் காறிவிடும்.

கினிப் புல்லும், பாற்பண்ணைக்காரர் நடும் கோ-3 போன்ற நேப்பியர் கலப்புப் புல்லும் இதே கேட்டைச் செய்யக்கூடியன. இவற்றிலுள்ள ஒட்சலேற்று, கல்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் இரைப்பை இதனைச் சமாளிக்கும். குதிரையின் இரைப்பை சமாளிக்காது. எனவே இப்புல்லை மட்டுமே தீனியாக்காது, அறுகு முதலிய நாட்டுப் புற்களோடு கலந்து கொடுக்க. வேலியில் நிற்கும் கிளிரிசிடியாத் தழை குதிரைக்கு நஞ்சு. இப்பில்-இப்பில் தழையைத் தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும். மாட்டுக்கும் கோழிக்கும் விற்கப்படும் சில கலப்புத் தீவனங்களில் மொனென்சின் என்னும் மருந்து சேர்க்கப்பட்டிருக்கும். அது சிறிதளவிலேயே குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். மூட்டையின் சீட்டைப் படியாமல் ஒரு பிடியும் போடாதீர்கள்.

தண்ணீரும் உப்பும் எப்போதும் கிட்டும் இடத்தில் இருக்க வேண்டும். குதிரையின் வியர்வையில் உப்பு மிகுதி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேலை செய்த குதிரைக்கு உப்பின்றித் தண்ணீர் மட்டும் போதாது.

இனவிருத்தி

பெண் குதிரை 15 முதல் 18 மாதத்திலேயே வேட்கைக்கு வரும். ஆயினும் 3 வயது நிறையுமுன் இணைக்கலாகாது. வேட்கை 21 நாளுக்கு ஒருமுறை வந்து 5 முதல் 7 நாள் நிற்கும். சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். கடைசி மூன்று மாதங்களில் தீனியைக் கூட்டுக. குட்டி பிறந்து 1 மணிக்குள் எழுந்து நிற்க வேண்டும். 2 மணிக்குள் பால் குடிக்க வேண்டும். 3 மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இவற்றுள் ஒன்று பிந்தினாலும் மிருக வைத்தியரை அழைக்க. தாயின் நோய் எதிர்ப்புச் சத்து கருவிலே குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பாலின் வழியேதான் செல்லும். குதிரை இனம் ஏற்புவலிக்கு மிக எளிதில் ஆளாவதால் தாய்க்குத் தடுப்பூசி இட்டிருத்தல் இன்றியமையாதது.

சிறிய கூட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஆண் குதிரையே. ஒரு பொலிகுதிரை 10 முதல் 15 பெண் குதிரைகளுக்குப் போதும். பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழப் பாதி ஆண். அவற்றுள் மிகச் சிறந்த ஒன்றை வைத்து, ஏனையவற்றை மிருக வைத்தியரைக் கொண்டு நலமடித்தல் வேண்டும். நலமடித்த குதிரை சவாரிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று; கையாளவும் எளிது. பொலிகுதிரையின் முதற் பெண்குட்டிகள் வேட்கைக்கு வருமுன் அவற்றைப் பிரித்துவிடுக, அல்லது பொலிகுதிரையை வேறொரு பண்ணைக்கு மாற்றுக. தந்தை மகளோடு இணைந்தால் மெலிந்த குட்டியும் சினையின்மையும் தொடரும். வெளியிலிருந்து வரத்து இல்லாத தீவுக் கூட்டத்துக்கு இவ்வபாயம் எப்போதும் உண்டு. வறட்சி வலியதைத் தெரிவு செய்யுமேயன்றி உறவு பார்த்து இணைக்காது.

பெரிய அராபியப் பொலிகுதிரையைக் கொண்டு சிறிய பெண் குதிரையை ஒரே தலைமுறையில் உயர்த்த எண்ணுவோர் உண்டு. முதற் குட்டி உயரமாகத் தோன்றும். வறள்நிலத்தில் தாங்கும் தன்மை அதற்கு இருக்குமா என்பது வேறு. நாட்டு மாட்டோடு சீமைக் காளையைக் கலந்து, பின்னர் உண்ணியாலும் வெப்பத்தாலும் இடருற்றவர்கள் இதனை உணர்வர். அரிய இனத்தைப் பொறுத்தவரை அக்கலப்பு இனத்தையே கரைத்துவிடும் என்பதும் மறக்கற்பாலதன்று.

அவசரக்காரருக்கு இத்தொழில் ஆகாது. 160 கிலோமீற்றர் அனைத்துலகப் போட்டிக்கு வரும் குதிரைக்குக் குறைந்தது 8 வயது வேண்டும். இணைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 9 ஆண்டு. தென்னம்பிள்ளை நடுபவர் பொறுமையினும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

மேய்ச்சல் நிலமும் சட்டமும்

மணிப்பூர் மாநிலத்தின் குதிரை, போலோ விளையாட்டால் உலகறிந்தது. 2003 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898 ஆக இருந்த அதன் தொகை, 2012 இல் 1,101 ஆகக் குறைந்தது. அழிவுக்கு முதன்மையான காரணம் நோயன்று. அவை மேய்ந்த ஈரநிலங்களைக் கட்டடங்களும் வயல்களும் விழுங்கியதே. காலபோகம் விதைத்ததும் மாட்டுப்பட்டியை எங்கே சாய்ப்பது என்று ஆண்டுதோறும் தவிக்கும் வன்னிக் கமக்காரருக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. குதிரை வளர்க்க விரும்புபவர், நிழல் மரமும் வேலியும் உள்ள மேட்டுநில மேய்ச்சல் தரை தமக்கு ஆண்டு முழுவதும் உண்டா என்பதையே முதலிற் பார்க்க வேண்டும். வயலில் இறங்கிய கட்டாக்காலிக் குதிரையால் அயலாரோடு வழக்குண்டாகும்.

நெடுந்தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பூங்காவினுள் எவ்விலங்கையும் பிடிப்பதும் அகற்றுவதும் குற்றம். ஆகவே அத்தீவிலிருந்து குட்டியொன்றைப் படகிலேற்றிக் கொண்டுவந்து வளர்க்கலாம் என்று எவரும் நம்பி முற்பணம் கொடுக்கலாகாது. அக்கூட்டத்துக்கு வேண்டியது இடமாற்றமன்று. கடும் கோடையிலே நீர்த்தொட்டிகள் வற்றாதிருப்பதும், பிறப்பு இறப்பைப் பதிவு செய்வதுமே. குதிரை வாங்க விரும்புவோர் சட்டப்படி உரிமையுள்ளவரிடம், தாய் தந்தை விபரமும் தடுப்பூசிப் பதிவும் பெற்றே வாங்குக. பிரதேச மிருக வைத்திய அலுவலகத்திலே முன்கூட்டியே தெரிவித்து, விலங்கு வந்திறங்கிய நாளிலேயே சோதிப்பித்து, பதினான்கு நாளாவது ஏனைய கால்நடைகளுக்கு அப்பாற் கட்டிவைக்க.