சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவது ஏன்? உங்கள் வண்டியில் 'எல்எஸ்டி' இருக்கிறதா எனக் கண்டுபிடிப்பது எப்படி?

மழை விட்ட மறுநாள் உளுந்தூர்பேட்டை வட்டம் களமருதூர் பக்கம் போனால் இந்தக் காட்சி சகஜம். கரும்பு வயலுக்குப் போகும் மண் பாதையில் ஒரு பிக்கப் வண்டி சிக்கி நிற்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, இடது பின் சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைக்கும். கெட்டித் தரையில் நிற்கிற வலது சக்கரமோ துளி அசையாது. அதே சேற்றை, பின்னால் வரும் டிராக்டர் சாவகாசமாகக் கடந்து போய்விடும்.

பிக்கப்பின் இன்ஜினில் பலம் இல்லையா? அதெல்லாம் தாராளமாக இருக்கிறது. சிக்கல், பின்னச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற இரும்புக் கூட்டுக்குள். ஒர்க்‌ஷாப்பில் 'கிரவுன்' என்று சொல்வார்களே, அதற்குள் உட்கார்ந்திருக்கும் டிஃபரன்ஷியல்தான் இந்த வேலையைச் செய்கிறது.

வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறதா?

ஆமாம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். மாட்டு வண்டியில் இதற்குப் பிரச்சினையே இல்லை. இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாகச் சுற்றும், இழுப்பது மாடு. ஆனால் மோட்டார் வண்டியில் சக்கரத்தைச் சுற்ற வைப்பதே இன்ஜின்தான். இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் கோத்துவிட்டால் திரும்பும்போது டயர் தரையில் தேயும், அச்சு முறுக்கிக்கொள்ளும்.

இதற்கு 1820களின் இறுதியில் பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் ஒரு பல்சக்கர அமைப்பைக் கொண்டுவந்தார். அப்போது பெட்ரோல் காரே கிடையாது; அவர் யோசித்தது நீராவி வண்டிக்காக. இன்றைய டிஃபரன்ஷியலின் அடிப்படை அதேதான்.

இந்த அமைப்பின் குணம் ஒன்று: இரண்டு சக்கரத்துக்கும் சுழல்விசையைச் சரிபாதியாகத்தான் கொடுக்கும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சேற்றில் இருக்கும் சக்கரத்தால் 100 அளவு விசையைத்தான் தாங்க முடியும் என்றால், கெட்டித் தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் அதே 100தான் போகும். அது வண்டியை நகர்த்தப் போதாது. மிச்ச வேகம் எல்லாம் வழுக்குகிற சக்கரத்தில் வீணாகச் சுத்தும். இதைத்தான் 'ஓப்பன் டிஃபரன்ஷியல்' என்கிறார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது இதுதான்.

டிராக்டர் மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

டிராக்டரில் பெரும்பாலும் இருக்கைக்குக் கீழே, வலது குதிகாலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன பெடல் இருக்கும். அதுதான் 'டிஃபரன்ஷியல் லாக்'. மிதித்தால் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகக் கட்டப்பட்டு, சேர்ந்தே சுற்றும். ஏர் ஓட்டும்போது ஒரு சக்கரம் சால் பள்ளத்திலும் இன்னொன்று மேட்டிலும் ஓடுவதால், உழவுக்கு இது ரொம்ப அவசியம்.

ஆனால் அனுபவமுள்ள டிரைவர்கள் புதியவர்களுக்கு முதலில் சொல்வதே இதைத்தான்: சக்கரம் வேகமாகச் சுத்திக்கொண்டிருக்கும்போது லாக்கை மிதிக்கக் கூடாது, கிளட்ச்சை மிதித்து, சுழற்சி நின்றபின் போட வேண்டும். லாக் போட்டபடி திரும்பவே கூடாது. திருப்பினால் ஸ்டீயரிங்குக்கு வண்டி கட்டுப்படாமல் நேராகத் தள்ளிக்கொண்டே போகும். வரப்பு ஓரமோ கால்வாய்க் கரையோ என்றால் உயிருக்கே ஆபத்து.

சரி, 'எல்எஸ்டி' என்றால் என்ன?

போதைப்பொருளை நினைத்துக்கொள்ள வேண்டாம். 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்' என்பதன் சுருக்கம் அது. திரும்பும்போது சக்கரங்களுக்குள் வேக வித்தியாசத்தை அனுமதிக்கும். ஆனால் ஒன்று மட்டும் அளவுக்கு மீறி வழுக்க விடாது. ஓப்பனுக்கும் லாக்குக்கும் நடுவில் ஒரு சமரசம். 1930களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் ரேஸ் கார்களுக்காக இசட்எஃப் நிறுவனம் இதை உருவாக்கியது. இன்ஜின் பலம் ஜாஸ்தி, டயரோ ஒல்லி என்றிருந்த காலம் அது. வளைவில் உள்பக்கச் சக்கரம் புகை விட்டுச் சுத்துவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

இதில் வகைகள் உண்டு. கிளட்ச் வகையில், அடுக்கி வைத்த தகடுகள் ஒன்றோடொன்று உரசி இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். விஸ்கஸ் வகையில், சிலிக்கோன் திரவத்துக்குள் மூழ்கியிருக்கும் தகடுகளுக்கு இடையே வேகம் மாறினால் திரவமே இழுத்துப் பிடிக்கும். டார்சன் வகையில் தகடும் இல்லை, திரவமும் இல்லை. புழுச்சக்கரப் பற்களின் உராய்வே வேலை செய்யும். அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் கண்டுபிடித்தது அது.

எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரில் எல்எஸ்டி பற்றிப் பேசினால், ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5 பெயர் வராமல் இருக்காது. 'மியாட்டா' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த இரண்டு சீட்டுக் கார் 1989ல் அறிமுகமானது. சுமார் ஒரு டன் எடை, பின் சக்கர இயக்கம். முதலில் வந்த 1.6 லிட்டர் கார்களில் விஸ்கஸ் எல்எஸ்டி ஆப்ஷனாகக் கிடைத்தது. 1994 மாடலில் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது டார்சனுக்கு மாறினார்கள். இதனால் பழைய மியாட்டா வாங்குகிறவர்கள் இன்றும் முதலில் கேட்பது 'உள்ளே என்ன டிஃப் இருக்கு?' என்றுதான். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் வேண்டுமானால் இந்தக் காரை வாங்கலாம். இந்தியச் சாலையில் பார்ப்பது அபூர்வம்.

நம் ஊர் வண்டிகளில் இருக்கிறதா?

ஸ்போர்ட்ஸ் காரில் இல்லாவிட்டால் என்ன, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தினமும் ஓடும் சில வண்டிகளிலேயே இதன் உறவினர் இருக்கிறார். 2021ல் வந்த மஹிந்திரா பொலேரோ நியோவின் 'என்10 ஆப்ஷனல்' வகையில், பின்னச்சில் 'மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல்' வைத்தார்கள். 2020ல் வந்த தார் ஜீப்பின் 'எல்எக்ஸ்' 4x4 வகைகளிலும் இது உண்டு. ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று கூடுதலாகச் சுத்தினால், உள்ளே இருக்கும் சின்ன எடைகள் விரிந்து தானாகவே லாக் விழும். டிரைவர் எந்த பட்டனையும் தொட வேண்டாம். வேகம் கூடினால் லாக் விழாதபடி பாதுகாப்பும் உள்ளே உண்டு.

ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டுக்குமே டிரைவர் கையால் போடும் லாக் இருக்கிறது. மாருதி ஜிம்னி வேறு வழி: வழுக்குகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, விசையை அடுத்த பக்கம் தள்ளும். 'பிரேக் எல்எஸ்டி' என்று விளம்பரத்தில் சொன்னாலும், உள்ளே இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல்தான். தேர் திருப்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் முட்டுக்கட்டை போடுவார்களே, கிட்டத்தட்ட அந்த யோசனை.

இங்கே ஒரு எச்சரிக்கை. செகண்ட் ஹேண்ட் சந்தையில் 'லாக் இருக்கு, 4x4 மாதிரி' என்று பேசி விலையை ஏற்றுவார்கள். பொலேரோ நியோ பின் சக்கர இயக்கம் மட்டுமே. லாக் இருந்தாலும் அது 4x4 ஆகாது.

இருக்கிறதா இல்லையா, எப்படிப் பார்ப்பது?

சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்னச்சின் இரண்டு பக்கத்தையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. இன்ஜின் ஆஃப், சாவி வெளியே, ஹேண்ட் பிரேக் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். பின் சக்கர இயக்க வண்டிக்கான சோதனை இது. 4x4 என்றால் 2எச்-ல் இருக்க வேண்டும்.

இப்போது முதல் கியரைப் போட்டுவிட்டு, ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரம் சுலபமாக எதிர்த்திசையில் சுற்றினால் அது பெரும்பாலும் ஓப்பன். சுற்றவே முடியாமல் பிடித்துக்கொண்டால் கிளட்ச் வகை எல்எஸ்டி, அதுவும் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். நியூட்ரலில் இரண்டு சக்கரமும் ஒரே திசையில் சேர்ந்து சுற்றுவதும் நல்ல அறிகுறி.

'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விஸ்கஸ் வகை, மெதுவாகச் சுற்றினால் ஓப்பன் போலவே நடிக்கும். வேகமாகத் திருப்பினால்தான் இறுக்கம் தெரியும். எவ்வளவு வேகமாகத் திருப்பியும் இறுக்கமே இல்லை என்றால் உள்ளே திரவம் செத்துப்போயிருக்கலாம். டார்சன் எதிர்த்திசையில் சுற்றலாம், ஆனால் கையில் ஒரு கனம் தெரியும். தார், பொலேரோ நியோவில் இருக்கும் தானியங்கி லாக்கோ கை வேகத்துக்கு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அந்த வண்டிகளுக்கு இந்தச் சோதனையே வீண். மாடல் எந்த வகை என்பதை ஆர்சி புத்தகம், சர்வீஸ் பதிவு, டீலரிடம் சேசிஸ் எண் ஆகியவற்றை வைத்து உறுதி செய்வதே சரி. ஓட்டும்போது, ஒரு சக்கரம் வழுக்கிய அடுத்த நொடியில் பின்னால் 'டக்' என்று சத்தம் வந்து வண்டி நகர்ந்தால் லாக் உயிரோடு இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எதுவோ உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி இன்ஜினை ஓட்டலாமா?

கூடவே கூடாது. ஓப்பன் டிஃபரன்ஷியல் வண்டிகளில் ஒரு பக்கம் ஜாக்கி போட்டு, கியரில் ஓட்டிச் சத்தம் கேட்கும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அதுவே ஆபத்தான வேலைதான். எல்எஸ்டி அல்லது லாக் உள்ள வண்டியில் செய்தால், தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போய், வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும். அடியில் யாராவது இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வண்டியை விடும்போதே மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆயிலில்தான் விஷயம் இருக்கு

பராமரிப்பு என்றால் முக்கால்வாசி 'கிரவுன் ஆயில்'தான். இன்ஜின் ஆயிலை மறக்காமல் மாற்றுகிறவர்கள்கூட இதைக் கேட்பதே இல்லை. பெரும்பாலான வண்டிகளுக்கு ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 ஆயில். சரியான கிரேடும், எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்பதும் ஓனர் புத்தகத்தில் இருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட அதுவே இறுதி.

கிளட்ச் வகை எல்எஸ்டிக்குத் தனி ஆயில் வேண்டும், அல்லது 'ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர்' சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிரும். அதற்காக அளவுக்கு மேல் ஊற்றினால் தகடுகள் வழுக்கி, எல்எஸ்டி பெயருக்குத்தான் இருக்கும். டார்சனுக்குச் சாதாரண ஜிஎல்-5 போதும். விஸ்கஸ் யூனிட் சீல் செய்யப்பட்டது. செத்தால் மாற்றுவதுதான் வழி.

ஆயில் மாற்றும்போது முதலில் மேலே இருக்கும் ஊற்றும் நட்டைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துக் கழலவில்லை என்றால், கீழே ஆயிலை வடித்தபின் ஊற்ற வழியில்லாமல் முழிக்க வேண்டியிருக்கும். வடிக்கும் நட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற இரும்புத் துணுக்கு இருந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். கந்தக வாடை வந்தால் கவலை வேண்டாம், ஜிஎல்-5 ஆயிலின் இயல்பே அதுதான். கருகிய வாடை வேறு கதை. புது ஆயிலை, ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பினால் போதும்.

ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது போன்ற நேரத்தில் வண்டி ஓட்டியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. ஓடிச் சூடான பின்னச்சு திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த வெற்றிடம் பிரீதர் குழாய் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிரீதர் மண்ணால் அடைத்திருந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். அச்சு மூழ்கும் அளவு தண்ணீரில் போயிருந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலைச் சோதியுங்கள்.

மலை ரோட்டில் கவனம்

கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப் பாதையில், மழையில் எல்எஸ்டி நல்ல துணை என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஓப்பனில் வழுக்குவது ஒரு சக்கரம்தான். இன்னொன்று பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து நிற்கும். எல்எஸ்டியில் ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதித்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கி, வண்டியின் பின்பக்கம் வீசும். கொண்டை ஊசி வளைவில் இது விளையாட்டல்ல. அதோடு, இறங்கும்போது பிரேக் பிடிக்க எல்எஸ்டி எந்த உதவியும் செய்யாது. இரண்டாவது கியரில் மெதுவாக இறங்குவதற்கு மாற்று எதுவும் இல்லை.

டார்சன் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு சக்கரம் முழுசாக அந்தரத்தில் தொங்கினால் அது ஓப்பன் மாதிரிதான். அந்தப் பக்கம் தாங்கும் விசையைப் பெருக்கித்தான் அடுத்த பக்கம் கொடுக்கும். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. அப்போது பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், தொங்கும் சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு கிடைத்து, தரையில் இருப்பது நகரும்.

பின் டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று மொட்டை என்றால் நேர் ரோட்டில்கூட உள்ளே தகடுகள் உரசிக்கொண்டே இருக்கும். ஸ்டெப்னி வேறு அளவில் இருந்தால், பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டுங்கள்; அதோடு சென்னை வரை போக வேண்டாம்.