நம் தெருவில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன?

அஸர் தொழுகை முடிந்து பெரியவர்கள் வீடு திரும்பும் நேரம், பிள்ளைகள் மக்தபுக்குக் கிளம்பும் நேரம், பள்ளிக்கூட வேன்கள் வந்து நிற்கும் நேரம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நம் தெருக்களில் பைக்குகளும் ஆட்டோக்களும் தண்ணீர் லாரிகளும் அதிகம் ஓடுகின்றன. "இந்தத் தெருவில் வண்டி பறக்கிறது" என்று குறைப்படாத வீடு மஹல்லாவில் இல்லை. ஆனால் அந்தக் குறை வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. யாராவது கவுன்சிலரிடமோ காவல் நிலையத்திலோ போய்ச் சொன்னாலும், "எந்த நேரத்தில்? எத்தனை வண்டி? எவ்வளவு வேகம்?" என்று கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இருப்பதில்லை.

அந்தப் பதிலை நாமே தயார் செய்ய முடியும். ஒரு நாடாவும் கைப்பேசியும் நாலைந்து பேரும் சில மணி நேரமும் போதும். அதை எப்படிச் செய்வது, செய்யும்போது எதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்?

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பத்துக்கு ஏழு பேரின் மரணத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர் இறந்தார்கள். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு ஏற்படும் விபத்துக்கான வாய்ப்பு சுமார் நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நம் தெருவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடி வருகிறது. வண்டி ஓட்டுபவர் அதைப் பார்த்து பிரேக்கை மிதிக்கச் சுமார் ஒரு வினாடி ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருபவர் அந்த ஒரு வினாடியில் 8 மீட்டர் கடப்பார். பிறகு பிரேக் பிடித்து, காய்ந்த சாலையில் மொத்தம் 13 மீட்டருக்குள் வண்டியை நிறுத்திவிடுவார். 50 கிலோமீட்டரில் வருபவரோ பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே ஏறத்தாழ 14 மீட்டர் கடந்திருப்பார். அவர் நிற்க மொத்தம் 28 மீட்டர் வேண்டும். அதாவது முதலாமவர் நின்றுவிட்ட இடத்தை இரண்டாமவர் வேகம் சற்றும் குறையாமல் கடக்கிறார். குழந்தை அந்த இடத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் மக்கள் நடமாட்டமும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக மாநாடு அறிவித்தது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் காவல்துறையும் 2023 நவம்பரில் புதிய வேக வரம்புகளைக் கொண்டுவந்தபோது, குடியிருப்புப் பகதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்றே நிர்ணயித்தது. மற்ற ஊர்களில் வாழும் நாமும் அந்த எண்ணையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் பொதுமக்கள் செய்வது

தெருவாசிகளே வேகத்தைக் கண்காணிப்பது புதிய யோசனை அல்ல. பிரிட்டனில் 'கம்யூனிட்டி ஸ்பீட்வாட்ச்' என்ற பெயரில் பல ஊர்களில் இது நடக்கிறது. தன்னார்வலர்களுக்குக் காவல்துறையே பயிற்சி தருகிறது. எந்த இடத்தில் நிற்கலாம் என்பதையும் காவல்துறையே பார்த்து ஒப்புக்கொள்கிறது. ஒளிரும் மேலங்கி அணிந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி சாலையோரத்தில் நிற்கிறார்கள். ஒருவர் வேகம் அளக்கும் கருவியைப் பிடிக்க, மற்றவர்கள் வண்டியின் எண், நிறம், வகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார்கள்.

குறிப்புகள் காவல்துறைக்குப் போகின்றன. காவல்துறை வண்டியின் உரிமையாளருக்கு ஓர் அறிவுரைக் கடிதம் அனுப்புகிறது. தன்னார்வலர் எழுதிய குறிப்பை வைத்து அபராதம் கிடையாது. அதே வண்டி திரும்பத் திரும்பப் பிடிபட்டால் காவலர் வீட்டுக்கே வரலாம். அல்லது அந்தச் சாலையில் காவல்துறை தன் கருவியோடு வந்து நிற்கலாம். தன்னார்வலர்கள் யாரையும் நிறுத்துவதில்லை, யாரோடும் வாக்குவாதம் செய்வதில்லை. பார்ப்பதும் எழுதுவதும் மட்டுமே அவர்கள் வேலை.

நம் ஊர்களில் அப்படி ஒரு முறையான திட்டம் இல்லை. ஆகவே வண்டி எண்ணைக் குறித்து அனுப்பும் பகுதி நமக்குப் பொருந்தாது. ஆனால் அளந்து, எழுதி, அதிகாரிகளிடம் கொடுக்கும் பகுதி நமக்கும் பொருந்தும். அதற்கு யாருடைய சிறப்பு அனுமதியும் கருவியும் தேவையில்லை.

அளப்பது எப்படி?

முதலில் தெருவில் வளைவும் சந்திப்பும் இல்லாத ஒரு நேரான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வண்டி இல்லாத நேரத்தில் நாடாவால் 50 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சாலையோரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். மின்கம்பத்திலிருந்து மின்கம்பம் என்று கண்ணால் கணக்குப் போட வேண்டாம். கம்பங்களின் இடைவெளி தெருவுக்குத் தெரு மாறும்.

முதல் கோட்டுக்கு நேராக ஒருவர், இரண்டாம் கோட்டுக்கு நேராக ஒருவர் என்று வீட்டுத் திண்ணையிலோ நடைபாதையிலோ நில்லுங்கள். வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் முதலாமவர் கையைக் கீழே இறக்குவார். இரண்டாமவர் கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்சை ஓட விடுவார்; தன் கோட்டை முன்சக்கரம் தொட்டதும் நிறுத்துவார். மூன்றாமவர் எழுதுவார்.

கணக்கு எளிது. 180ஐ வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

6 வினாடி என்றால் 30 கி.மீ.
4.5 வினாடி என்றால் 40 கி.மீ.
3.6 வினாடி என்றால் 50 கி.மீ.
3 வினாடி என்றால் 60 கி.மீ.

கையால் அளப்பதில் கால் வினாடி முன்பின் ஆகும். 50இல் போன வண்டி நம் தாளில் 47 என்றோ 54 என்றோ பதிவாகலாம். ஆகவே ஒரு தனி வண்டி மீது குற்றம் சாட்ட இந்த அளவு உதவாது. ஆனால் நூறு வண்டிகளை அளந்தால், கூடியதும் குறைந்ததும் பெருமளவு ஈடாகி, தெருவின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். வேகமாகப் போகும் வண்டிகளை மட்டும் எழுதக் கூடாது. மெதுவாகப் போகிறவரையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாம் கொடுக்கும் தாள் பொய் சாட்சி ஆகிவிடும். பைக், கார், ஆட்டோ, வேன், லாரி என்ற வகையும் நேரமும் வினாடியும் போதும். வண்டி எண் வேண்டாம்.

காலையில் பள்ளிக்கூடம் போகும் நேரம், மாலையில் திரும்பும் நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னும் பின்னும் என நேரங்களைப் பிரித்து, மூன்று வெவ்வேறு நாட்களில் எடுங்கள். பெண்கள் வீட்டு முன்திண்ணையிலிருந்தே எழுதும் வேலையைச் செய்யலாம். ஓய்வு பெற்ற பெரியவர்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். அவர்கள் சொன்னால் தெருவும் கேட்கும். சிறுவர்களைச் சாலையோரத்தில் நிறுத்த வேண்டாம். வீட்டுக்குள் அமர்ந்து கூட்டல் கழித்தல் செய்ய அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் மொத்தம் எத்தனை வண்டி, 30ஐத் தாண்டியவை எத்தனை, 40ஐத் தாண்டியவை எத்தனை, எந்த நேரத்தில் அதிகம் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இன்னும் ஓர் எண்ணையும் சேர்த்தால் நல்லது. நூறு வண்டிகளைக் குறைந்த வேகத்திலிருந்து வரிசையாக அடுக்கினால் 85ஆவது வண்டியின் வேகம் என்ன என்று பாருங்கள். சாலைப் பொறியாளர்கள் ஒரு சாலையை எடைபோட வழக்கமாகப் பார்க்கும் எண் அதுதான். அவர்கள் மொழியில் பேசும் மனுவை அவர்கள் ஒதுக்குவது கடினம்.

யாரிடம் கொடுப்பது, என்ன கேட்பது?

தெரு நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ உரியதா, நெடுஞ்சாலைத் துறைக்கு உரியதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனுவை அந்த அலுவலகத்துக்கும், பகுதிக் காவல் நிலையத்துக்கும் கொடுங்கள். திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம்; மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் ஆட்சியரே. ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் வைக்கலாம். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை மறக்காமல் வாங்குங்கள். பதில் வராவிட்டால், மனு மீது என்ன நடவடிக்கை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கேட்பது திட்டவட்டமாக இருக்கட்டும்: 30 கி.மீ. பலகை, மக்தப் வாசலில் எச்சரிக்கைப் பலகை, தேவைப்பட்டால் வேகத்தடை. வேகத்தடையை நாமே சிமெண்டைக் குழைத்துப் போட்டுவிடும் பழக்கம் பல தெருக்களில் இருக்கிறது. அது சட்டப்படியும் தவறு, ஆபத்தும்கூட. இந்திய சாலை காங்கிரஸின் அளவுப்படி வட்டமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டை வேண்டும். 40 மீட்டருக்கு முன்பே அறிவிப்புப் பலகை வேண்டும். நாம் போடும் ஓரடி அகலக் குன்றில் இரவில் பைக் தூக்கி எறியப்படும். ஆட்டோவில் போகும் கர்ப்பிணிக்கும் ஆம்புலன்ஸில் போகும் நோயாளிக்கும் அது வேதனை.

வேகத்தடை வந்த பிறகு ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். வேகம் குறைந்திருந்தால் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். குறையாவிட்டால் அதையும் எண்ணோடு எழுதுங்கள்.

செய்யக் கூடாதவை

வண்டியை மறிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. சாவியைப் பிடுங்குவது, கையை நீட்டி நிறுத்துவது, கூட்டமாகச் சூழ்வது எதுவும் கூடாது. நல்ல நோக்கத்தில் தொடங்கிய வேலை ஒரு நிமிடக் கைகலப்பில் வேறு கதையாக மாறிவிடும். அளக்கும் நாளை முன்கூட்டியே காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மூன்று நான்கு பேருக்கு மேல் நிற்க வேண்டாம்.

வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். ஒருவரின் குறையை ஊரறியப் பரப்புவது நமக்குக் கற்றுத்தரப்பட்ட ஒழுக்கம் அல்ல. அவமானப்பட்ட இளைஞன் வேகத்தைக் குறைப்பதைவிட வீம்புக்குக் கூட்டுவதே அதிகம்.

தெரு நமக்கு மட்டும் உரியது அல்ல. அங்கே வாழும் மாற்றுமத சகோதரர்களையும் கடைக்காரர்களையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மனுவில் எல்லா வீட்டுக் கையெழுத்தும் இருக்கட்டும்.

தாள் நம் வீட்டையும் காட்டலாம்

அளக்கத் தொடங்கும் முன் ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். வேகமாகப் போகிறவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்களாக இருக்க மாட்டார்கள். இகாமத்துக்கு ஓடி வரும் நம் சகோதரரும், டியூஷனுக்குப் பறக்கும் நம் மகனும், நாம் மாதக் கட்டணம் கொடுக்கும் பள்ளி வேனும் அந்தத் தாளில் இருக்கக்கூடும். வேன் உரிமையாளரிடம் பெற்றோர் சேர்ந்து பேசினால் மறுநாளே பலன் தெரியும். அதற்கு மனுவும் வேண்டாம், அதிகாரியும் வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டமும் கடுமையானது. இன்று வீடுகளில் இருக்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்டவை. அவற்றை ஓட்ட 18 வயது நிறைந்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ பொறுப்பாவர். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. "கடைக்குப் போய் வா" என்று சாவியைக் கையில் கொடுக்கும் முன் இதை நினைவில் கொள்வோம்.

பாதையில் கிடக்கும் முள்ளை ஓரமாக எடுத்துப் போடுவதும் தர்மம் என்று மக்தபில் படித்தவர்கள் நாம். இன்று நம் பாதையில் முள்ளைவிடப் பெரிய தொல்லை வேகம். இந்த மாதம் ஒரு தெரு, மூன்று நாட்கள், நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்குவோம். அளந்த தாள் கையில் இருந்தால் அலுவலகத்திலும் பேசலாம். அதற்கு முன் நம் வீட்டிலும் பேசலாம்.